பொத்தான் அக்காவைப் பார்த்தவர்கள்

1

இந்தக் கதையை என் அக்காவின் ஒலிப்பதிவுகளிலிருந்து எடுத்தேன், அவளைக் கேட்காமல்.

அக்கா ஆராய்ச்சிக்காரி. ஒரு தையல் ஆலையில் கருத்தடை பற்றிய சேதி யார் வாயிலிருந்து யார் காதுக்குப் போகிறது என்று கண்டறிவது அவள் வேலை. பெண்களைத் தனித்தனியே கிடங்கறையில் உட்காரவைத்து ஒரே கேள்வி கேட்பாள்: "இதைப் பத்தி உங்களுக்கு மொதல்ல சொன்னது யாரு?" பதில்களை அம்புகளாக வரைவாள். பதிவுகளைக் கேட்டு எழுதித் தருவது நான். பேசுவதைவிடக் கேட்பது எனக்கு எளிது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "இயந்திரங்களின் இரைச்சலுக்குள் ஒரு ரகசியம்..." முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் அது என்ன ரகசியம்? விட்டுவிட்டேன்.

2

அம்புகள் எல்லாம் ஒரே புள்ளியில் போய் முட்டின: பொத்தான் அக்கா. பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாளாம், போன வருடம் வேலையிலிருந்து நின்றுவிட்டாளாம். எந்த மாத்திரை, எந்த ஆஸ்பத்திரி, காப்பர்-டி வலிக்குமா, எல்லாம் அவள் சொன்னதுதானாம்.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஒருத்திடா! ஒரே ஒருத்தி மொத்த ஆலையையும் மாத்தியிருக்கா!"

"ஒருத்தி நெட்டைங்கிறா, இன்னொருத்தி குட்டைங்கிறா. புருஷன் செத்துட்டான்னு ஒருத்தி. புருஷனோட ஊரு மாறிப் போயிட்டான்னு இன்னொருத்தி."

"ஞாபகம் அப்படித்தான்டா."

ஞாபகம் அப்படி இருக்காது. கதையின் முதல் வரைவுதான் அப்படி இருக்கும்.

3

ஒரு பதிவின் கடைசியில் கதவு திறக்கும் சத்தம். மேற்பார்வையாளர்.

"யாருன்னு தெரிஞ்சுதா மேடம்?"

"உங்களுக்கு எதுக்குங்க?"

"என் வீட்டுக்காரியும் இங்கதான் காலர் தைக்கிறா.* கல்யாணமாகி நாலு வருஷம், ஒரு புழு பூச்சி இல்ல. டாக்டர் ரெண்டு பேருக்கும் குறையில்லங்கிறாரு. எவளோ ஓதி விட்டிருக்கா. அவ யாருன்னு தெரியட்டும், அன்னைக்கே சீட்டைக் கிழிச்சிடுறேன்."

அக்கா பேச்சை மாற்றினாள். "பொத்தான் தைக்கிறவங்க எத்தனை பேரு?"

"பொத்தான மிஷினு வைக்குது மேடம். அதுக்கு ஆள் வச்சதே இல்ல."

அதோடு பதிவு முடிந்துவிடுகிறது. அந்தக் கடைசி பதிலைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

* காலர் என்று எழுதியிருக்கிறேன். காலராக இருக்க வேண்டும் என்பதில்லை.

4

ஆக, இத்தனை பேர் கூடி ஒரு பெண்ணை உண்டாக்கியிருக்கிறார்கள், உள்ளே இருக்கும் ஒருத்தியை மறைக்க. நான் ஒரு பாத்திரத்தை நிற்கவைக்க வருடக்கணக்காக முட்டி மோதுகிறவன். எனக்குப் பொறாமையாக (இது இங்கே வேண்டாம்.)

மறுபடி எல்லாவற்றையும் கேட்டேன். கேள்வி முடிந்ததும் ஒவ்வொருத்தியும் கொஞ்சம் தயங்குகிறாள். எச்சில் விழுங்குகிறாள். பிறகுதான் "பொத்தான் அக்கா". ஒரே ஒருத்தி மட்டும், கேள்வி முடிவதற்குள்ளேயே சொல்லிவிடுகிறாள்.

யாரோ எழுதிக்கொடுத்ததைச் சொல்கிறவர்கள் தடுமாறுவார்கள். எழுதியவளுக்குத் தடுமாற்றம் எதற்கு?

அக்கா அறிக்கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "இல்லாத ஆள வச்சு நான் என்னத்த எழுத? திரும்பப் போய்க் கேக்கப் போறேன். உன் காதுல ஏதாவது பட்டுச்சா?"

"இல்லக்கா."

"டேய்."

"இல்லன்னா இல்லக்கா."

5

இந்தக் கதைக்கு நான் யோசித்த முடிவுகள்:

தயங்காத அந்த ஒருத்தி மேற்பார்வையாளரின் மனைவியேதான். கச்சிதமாக இருக்கிறது, அதனாலேயே நம்ப முடியவில்லை.

அல்லது, நான் அக்காவிடம் சொல்கிறேன். அறிக்கை அச்சாகிறது. ஆலையில் ஓர் இயந்திரத்தின் முன்னால் நாற்காலி காலியாகக்

(இதை முடிக்கப் போவதில்லை.)

உண்மையில் நான் செய்தது இது. எழுதிக்கொடுத்த தாள்களில் பதிவில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்தேன்: "பொத்தான் அக்கா இடது காதுல மட்டும்தான் கம்மல் போடுவா."

அக்கா அந்த வரியில் விரலை வைத்தாள். "இது நான் கேட்ட மாதிரி இல்லையே."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம். பிறகு பேனாவை எடுத்து, "இடது" என்பதை அடித்து "வலது" என்று எழுதினாள்.

6

உங்கள் மேலும் எனக்குச் சந்தேகம்தான். இதைப் படிக்கிற நீங்கள் அந்த மேற்பார்வையாளராக இருக்கலாம். அவருக்கு வேண்டப்பட்டவராகவும் இருக்கலாம். அப்படி இல்லையென்றால், நாளைக்கு உங்களிடமும் யாராவது வந்து பொத்தான் அக்காவைத் தெரியுமா என்று கேட்கக்கூடும். எங்கே பார்த்தீர்கள், எப்படி இருந்தாள் என்பதெல்லாம் உங்கள் இஷ்டம்.

ஒன்று மட்டும். கேட்டவுடனே சொல்லிவிடாதீர்கள். கொஞ்சம் தயங்குங்கள்.