பொட்டலத்தின் பின்பக்கம்

செல்லியம்மாவின் கைக்குக் கெட்ட கடலை தனியாகத் தெரியும். தோல் சுருங்கியது, முனை கறுத்தது, பார்வைக்கு லட்சணமாக இருந்தும் உள்ளே பூஞ்சை பிடித்தது என்று எதுவானாலும் சரி, ஓடுகிற பெல்ட்டிலிருந்து அதை எடுத்துப் போட்ட பிறகுதான் எடுத்ததே அவளுக்குத் தெரியவரும். அவள் வேலை பார்க்கும் ஃபேக்டரி நகரியைத் தாண்டிப் புத்தூர் போகிற சாலையில் இருக்கிறது. நிறம் பார்த்துக் கழிக்க அங்கே மெஷின் உண்டு. மெஷினை ஏமாற்றிவிட்டு வருவதைப் பிடிக்க இருபத்தெட்டுப் பெண்கள். அவர்களில் நாலு வருஷமாக முதல் இடத்தில் நிற்பவள் செல்லியம்மா.

கழித்தது போக மிஞ்சிய கடலையை வறுத்து, அரைத்து, பால்பவுடரும் சர்க்கரையும் எண்ணெயும் சத்துமருந்தும் சேர்த்து, உள்ளங்கை நீளத்துப் பொட்டலங்களில் அடைப்பார்கள். சண்டைக்குப் பயந்து பக்கத்து நாட்டுக்கு ஓடிப்போய்க் கூடாரத்தில் கிடக்கும் ஜனங்களின் குழந்தைகளுக்கு அது. மெலிந்து எலும்பாகிப்போன குழந்தைகளுக்கு மட்டும். வெளிநாட்டு உதவிக்காரர்கள் வாங்கிக் கப்பலில் அனுப்புவார்கள். லேபில் இருக்கும் நளினி மேடம் இதையெல்லாம் முதல் நாளே சொல்லியிருந்தாள். ஆனாலும் பெண்களுக்கு அது 'ஆப்பிரிக்கா லோடு', அவ்வளவுதான். லாரி கிளம்பினால் சரி.

போன வருஷம் பிப்ரவரியில் லாரி நின்றுபோனது. பணம் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரிய நாடு கையை மடக்கிக்கொண்டுவிட்டது என்றார்கள். கேட்டைப் பூட்டினார்கள். செல்லியம்மா முதல் பஸ்ஸைப் பிடித்துத் திருப்பதிக்குப் போய், பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஓட்டல் ஒன்றில் மூன்று மாதம் பாத்திரம் தேய்த்தாள். புருஷன் துலுக்காணம் மாந்தோப்புகளில் காய் பறிக்கப் போனான். சித்தூரில் ஐ.டி.ஐ. படிக்கும் மகன் கிரண்குமார் படிப்பை நிறுத்திவிடட்டுமா என்று கேட்டபோது அவள் அவனை அடிக்கக் கை ஓங்கினாள்.

ஜூனில் வேறு சில நாடுகள் சேர்ந்து கை கொடுத்தன. மறுபடி பெல்ட் ஓடிய காலையில், அவளுக்குப் பக்கத்தில் நிற்கும் யமுனா கற்பூரத் தட்டோடு வந்துவிட்டாள். உள்ளே நெருப்பு கூடாது என்று சூப்பர்வைசர் ஹரிபாபு கத்த, வாசலில் நின்று கட்டடத்துக்கே மொத்தமாகச் சுற்றிக் காட்டிவிட்டுப் போனாள்.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்தப் பையன் வந்தான்.

மதியச் சாப்பாட்டுக்கு டிபன் கேரியரோடு வெளியே வந்த செல்லியம்மா, கேட்டை ஒட்டிய புங்கமரத்தடியில் ஒருவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். நெடுநெடுவென்று உயரம், நல்ல கறுப்பு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. இருபத்திநாலு, இருபத்தைந்து வயது இருக்கும்.

"யாருண்ணா அது?" என்று கேட்டில் நின்ற வாட்ச்மேன் இஸ்மாயிலைக் கேட்டாள்.

"சூடான்காரனாம். திருப்பதியில ஃபார்மசி படிக்கிறானாம். காலையில ஒம்போது மணிக்கே வந்துட்டான். உள்ள வுட மாட்டாங்கன்னு சொன்னா, பரவால்ல இருக்கேன்றான். வேல கேட்டு வர்ல. இந்தப் பொட்டலம் செய்யிறவங்களப் பாக்கணுமாம்."

"தண்ணி கிண்ணி குடிச்சானா?"

"தண்ணி குடுத்தேன். சாப்பாடு வேணான்ட்டான்."

செல்லியம்மா மரத்தடிக்குப் போனாள். அவளைக் கண்டதும் அவன் எழுந்து நின்று, "நமஸ்காரம் அம்மா" என்றான். அவன் பேசியது தெலுங்கு. திருப்பதிக் கடைத்தெருவிலும் ஆட்டோவிலும் பொறுக்கிச் சேர்த்த தெலுங்கு. செல்லியம்மாவுக்கு வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு. இரண்டும் ஒன்றாகவே வாயில் வரும்.

"என் பேரு ஆதம். நீங்க இங்க வேலை செய்றீங்களா?"

"ஆமா நைனா. நீ மொதல்ல உக்காரு. எனுக்கும் பசிக்குது, உனுக்கும் பசிக்கும். துன்னுக்கினே பேசலாம்."

கேரியரின் மேல்தட்டில் கேழ்வரகுக் களி, கீழே கீரைக் கடைசல். பாதிக் களியை மூடியில் வைத்து நீட்டினாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவன் களியைப் பார்த்து அப்படியே நின்றுபோனான். விரலால் ஓரத்தைக் கிள்ளி, நடுவில் குழி பண்ணி, கீரையைத் தொட்டு, மெல்லாமல் விழுங்கினான். களி தின்னத் தெரிந்தவன்தான் அப்படி விழுங்குவான்.

"எங்க ஊர்லயும் இது இருக்கு. அஸீதான்னு சொல்வோம். சோளமாவுல கிண்டுவாங்க" என்றான். "மூணு வருஷமாச்சு சாப்பிட்டு."

அந்த மூடி காலியானதும் செல்லியம்மா கேட்காமலேயே மிச்சத்தையும் அவன் பக்கம் தள்ளினாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

சூடானின் மேற்கு ஓரத்தில், எல்லையை ஒட்டி அவன் ஊர். அவன் திருப்பதிக்கு வந்த அடுத்த வருஷம் அங்கே சண்டை மூண்டது. அப்பா செத்துப்போனார். அக்கா மரியம் இரண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பக்கத்து நாடான சாடுக்கு நடந்தாள். வழியில் பெரியவன் போய்விட்டான். நாலு வயது. சின்னவள் ஹலீமாவோடு முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்தக் குழந்தைக்குப் பதினோரு மாதம். கையைச் சுற்றி, நிறம் நிறமாகக் கட்டம் போட்ட ஒரு நாடா வைத்து அளப்பார்களாம். பச்சை வந்தால் நல்லது, சிவப்பு வந்தால் உயிருக்கே ஆபத்து. ஹலீமாவின் கைக்குச் சிவப்பு வந்தது.

"இங்கேருந்து நான் ஒண்ணும் செய்ய முடியல அம்மா. ஹாஸ்டல் ரூம்ல போனைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். நர்ஸ் ஒரு பொட்டலம் கொடுத்தாங்களாம். எட்டு வாரம். தினமும் அதுதான்."

போனைத் துடைத்துவிட்டு நீட்டினான். முதல் படத்தில் இருந்த குழந்தையைச் செல்லியம்மாவால் நேராகப் பார்க்க முடியவில்லை. கண்கள் மட்டுமே முகமாக இருந்தன. அடுத்த படத்தில், கன்னம் உப்பிய ஒரு பெண் குழந்தை வாயெல்லாம் பழுப்பாக அப்பிக்கொண்டு, காலிப் பொட்டலத்தைக் கேமராவுக்கு நீட்டிக் கொண்டிருந்தது. பொட்டலத்தின் பின்பக்கம் தெரிந்தது. ஆதம் அதை விரலால் பெரிதாக்கினான். பொடி எழுத்தில் ஊரின் பேர். அதன் கீழே, சித்தூர் மாவட்டம், ஆந்திரப் பிரதேசம், இந்தியா.

"நான் திருப்பதியில உக்காந்து அழுதுக்கிட்டிருந்தேன். சாப்பாடு இங்கேருந்து, பஸ்ல ஒண்ணரை மணி நேரத்துல இருக்கற எடத்துலேருந்து போயிருக்கு" என்றான். "பரீட்சை முடிஞ்சதும் வந்துட்டேன். உள்ள இருக்கறவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். அதுக்கு மேல ஒண்ணும் வேணாம்."

செல்லியம்மா கேரியரைக் கழுவாமலே மூடி வைத்துவிட்டு ஹரிபாபுவைத் தேடிப் போனாள்.

"சார், அந்தப் புள்ளைய உள்ள வுடுங்க."

"பர்மிஷன் லேது செல்லியம்மா. வெளியாளு உள்ள வந்தா ஆடிட்ல நான்தான் மாட்டிக்குவேன். நீ போய் வேலயப் பாரு."

அவள் போகவில்லை. இருபது வயசு நெருங்கும் மகனைப் பெற்ற கதையை, யமுனாவுக்குக்கூடச் சொல்லாததை, ஹரிபாபுவிடம் நின்ற வாக்கில் சொன்னாள்.

"என் கிரண்குமாரு ஏழாம் மாசத்துலயே பொறந்துட்டான் சார். திருப்பதி பெரியாஸ்பத்திரியில கெடந்தோம். எனுக்கு ஜொரம், பால் வர்ல. பக்கத்து பெட்ல ஒரு பொம்பள, சூளூர்பேட்ட பக்கம் மீன் புடிக்கிற ஊட்டுக்காரி. தன் கொழந்தைக்கிப் பால் குடுத்துட்டு, அப்பால என் கொழந்தையையும் வாங்கி மார்ல போட்டுக்குவா. அஞ்சி நாளு. ஆறாம் நாளு நான் கண்ணு முழிச்சிப் பாக்கச்சொல்ல பெட்டு காலி. காலையிலயே டிஸ்சார்ஜ் ஆயிட்டாளாம். பேரு கூட கேட்டுக்கல சார். அவளாண்ட ஒரு வார்த்த சொல்லாத பூட்டேனேன்னு இன்னிக்கும் நெஞ்சுல நிக்கிது. இவன் தேடிக்கினு வந்துகீறான். சொல்லிட்டுப் போவட்டும்."

ஹரிபாபு கையிலிருந்த அட்டையைப் பார்த்தபடி நின்றார். பிறகு லேப் பக்கம் நடந்தார். கால்மணி கழித்து நளினி மேடம்தான் வந்து சொன்னாள்: ஹாலுக்குள் விட முடியாது, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம், டீ நேரத்தில் சாப்பாட்டு ஷெட்டில் எல்லோரையும் பார்த்துப் பேசலாம்.

அப்படியே நடந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் ஃபேக்டரித் தொப்பி போட்டுக்கொண்டு நின்றதை ஒவ்வொருத்தியாகத் திரும்பிப் பார்த்தார்கள். டீக்கு மணியடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே ஹரிபாபு பெல்ட்டை நிறுத்தினார். அவர் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை.

ஷெட்டில் ஆதம் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். பேச வேண்டியதைத் தெலுங்கில் யோசித்து எழுதிக்கொண்டு வந்திருந்தான். இருபத்தெட்டு முகங்களையும் பார்த்தான். தாளை மடித்துப் பையிலேயே வைத்துவிட்டுப் போனை முதல் பெண்ணின் கையில் கொடுத்தான். அது வரிசையாகக் கை மாறிக்கொண்டே போனது. முதல் படம், தள்ளினால் அடுத்த படம். யமுனா, "அய்ய, நம்ம பாக்கிட்டுடீ" என்று சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"மேடம், நான் இதைச் சாப்பிட்டதே இல்லை" என்றான் ஆதம் நளினியிடம்.

"நாங்க மட்டும்?" என்றாள் யமுனா. "நாலு வருஷமா மூக்காலதான் துன்னுக்கினு கீறோம்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நளினி லேபுக்குப் போய், சோதனைக்கென்று எடுத்து வைத்திருந்ததில் இரண்டு பொட்டலம் கொண்டுவந்தாள். ஆதம் ஒன்றன் மூலையைக் கிழித்தான். அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. சாடில் அப்போது முற்பகல். அக்கா மரியம் வீடியோவில் கூப்பிட்டாள்.

படம் நின்று நின்று வந்தது. வெள்ளைக் கூடாரத் துணி, பிறகு தலையில் மஞ்சள் துணி போர்த்திய ஒரு பெண், அவள் மடியில் ஹலீமா. ஆதம் கையில் இருந்த பொட்டலம் கண்ணில் பட்டதுதான் தாமதம், குழந்தை வாயை ஆவென்று திறந்துகொண்டு போனை நோக்கித் தாவியது. மரியம் இழுத்துப் பிடித்தாள். ஷெட் முழுக்க ஒரே சத்தம். "குடுங்கடீ அதுக்கு!" "எப்டிக் குடுக்கறது, போனுக்குள்ளயா?" ஆதம் தன் விரலில் ஒரு துளி பிதுக்கி நாக்கில் வைத்துக்கொண்டு, பொட்டலத்தைச் செல்லியம்மாவிடம் நீட்டினான். அவளும் தொட்டு வைத்துப் பார்த்தாள். கடலை மிட்டாயைப் பாலில் கரைத்த மாதிரி, கொஞ்சம் கூடுதலாகத் தித்தித்தது.

மரியம் படபடவென்று பேசினாள். ஆதம் சொன்னான்: "உங்க எல்லோருக்காகவும் தினமும் துவா செய்யறாளாம். பேர் தெரியாததால 'அந்தக் கைகளுக்கு' என்று சொல்லி வேண்டிக்குவாளாம். இனிமே பேர் சொல்லி வேண்டிக்கணும், பேர் சொல்லுங்க என்கிறா."

ஆளாளுக்குக் கத்திப் பேர் சொன்னார்கள். செல்லியம்மா அடங்கும்வரை காத்திருந்தாள்.

"நைனா, அந்தப் பொண்ணுக்கு ஒண்ணு சொல்லு. இந்த வேல நின்னப்போ என் ஊட்ல அடுப்புக்குக் கஷ்டம். திரும்ப ஓடச்சொல்லதான் என் புள்ள படிப்பு நெலச்சிது. அவ கொழந்தைக்கி வேணும்னு யாரோ குடுத்ததுலதான் நாங்களும் துன்றோம். அதனால நானும் அவளுக்குக் கும்புட்டேன்னு சொல்லு."

ஆதம் சொன்னான். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வருவதற்குள் செல்லியம்மா மறுபடி கேட்டாள்: "மூத்த புள்ள பேரு இன்னான்னு கேளு."

ஆதம் தயங்கினான். அவளைப் பார்த்தான். பிறகு மெதுவாக அரபியில் கேட்டான். திரையில் மரியத்தின் முகம் அசையவில்லை; நெட்வொர்க்தான் நின்றுவிட்டதோ என்று நினைத்தார்கள். அப்புறம் உதடு அசைந்தது.

"இத்ரீஸ்."

"இத்ரீஸ்" என்றாள் செல்லியம்மா. பக்கத்தில் யமுனாவும் சொன்னாள். இன்னும் இரண்டு மூன்று பேர் அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்தார்கள். மரியம் மஞ்சள் துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். முகாமுக்கு வந்த நாளிலிருந்து அவனைப் பற்றி யாரும் அவளிடம் கேட்டதில்லை என்று, போன் வைத்த பிறகு ஆதம் சொன்னான். எல்லோரும் உயிரோடிருக்கிற குழந்தையைப் பற்றியேதான் கேட்பார்களாம்.

ஐந்தரை மணிப் பஸ்ஸுக்கு இஸ்மாயில் அவனைத் தன் வண்டியில் கொண்டுபோய் விட்டார். ஹரிபாபு தன் நம்பரைக் கொடுத்து, "நெக்ஸ்ட் டைம் போன் பண்ணிட்டு ரா பாபு, மரத்தடியில உக்காராதே" என்றார்.

ஆதம் அதற்குப் பிறகு அடிக்கடி வந்தான். ஃபேக்டரிக்கு அல்ல, செல்லியம்மாவின் ஊருக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில். துலுக்காணத்துக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போனது. களி கிண்டும்போது கட்டி தட்டாமல் கிண்டுவது எப்படி என்பதில் இரண்டு பேருக்கும் ஓயாத தகராறு. தன் ஊர் முறையில் ஒருநாள் ஆதமே கிண்டினான். துலுக்காணம் இரண்டாம் உருண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டான். டிசம்பரில் ஆதமுக்குத் திருப்பதியில் ஒரு மருந்துக்கடையில் பகுதிநேர வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் பேரீச்சம்பழம் வாங்கி வந்து பெல்ட்டுக்காரிகளுக்குக் கொடுத்தனுப்பினான்.

பொங்கலுக்கு மறுநாள் செல்லியம்மா தொழுவத்தில் மாட்டுக்கு நீர் காட்டிக்கொண்டிருந்தபோது, கிரண்குமார் போனோடு ஓடிவந்தான். ஆதம் ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தான். காதில் வைத்துக் கேட்டாள். ஒரு குழந்தையின் குரல், இரைச்சல், மரியம் பின்னாலிருந்து சொல்லிக்கொடுக்கும் சத்தம். பாஷை புரியவில்லை. பிறகு அந்தக் குழந்தை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக மிதித்து மிதித்துச் சொன்னது:

"ஸெல்-லி-யம்-மா."

"இன்னாம்மா சொல்லுது?" என்றான் கிரண்குமார்.

"என்னக் கூப்புடுதுடா" என்றாள் அவள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இன்னொரு தரம் போடச் சொன்னாள்.