ஒனொரின் அத்தையின் எடை

கல்லறைத் தோட்டத்தில், குழிவெட்டும் காஸ்தோனின் மண்வெட்டி அடியில் எதன் மேலோ பட்டு 'டங்' என்றது. எலும்பு அப்படிச் சத்தம் போடாது. குழியோரம் நின்ற சொலான்ஜ் அவரைப் பார்த்தாள். அவர் மண்வெட்டியைப் பார்த்தார்.

மூன்று மணிக்கு அவள் அப்பா ஃபிர்மனை அடக்கம் செய்ய வேண்டும். குடும்பக் கல்லறையில் இரண்டு பேருக்குத்தான் இடம். ஒரு பக்கம் அம்மா. மறுபக்கம், நாற்பத்தாறு வருஷமாக, ஒனொரின் அத்தை. நேற்று மூச்சு அடங்குமுன் ஃபிர்மன் மகளைக் கிட்டே கூப்பிட்டார்.

"எனக்கு உங்கம்மா பக்கத்துல எடம் வேணும். அத்தையை எழுப்பிடு. அவ ஒண்ணும் சொல்லமாட்டா."

அத்தையின் எலும்புகளைப் பெட்டியில் சேர்த்து அம்மாவின் காலடியில் வைப்பதாக ஏற்பாடு. காஸ்தோனோ பெட்டிக்குப் பதில் டிராக்டரும் சங்கிலியும் கொண்டுவந்திருந்தார். அவள் ஏனென்று கேட்கவில்லை.

ஜெர்மன்காரர்கள் பிரான்சைப் பிடித்து வைத்திருந்த காலம்; ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டில் ஊரிலுள்ள வெண்கலத்தையெல்லாம் உருக்க அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. நம் ஊரில் வெண்கலம் என்றால் சதுக்கத்து மாட்டு வைத்தியர் சிலை ஒன்றுதான். திங்களன்று பீடத்தில் வைத்தியரைக் காணோம். செவ்வாயன்று ஃபிர்மன் வீட்டில், அதுவரை யாரும் கேள்விப்படாத ஓர் அத்தை செத்துப்போனாள். எட்டுப் பேர் தூக்கியும் சவப்பெட்டியைப் பாலத்தில் இறக்கி வைக்க வேண்டியதாயிற்று. காவலில் நின்ற ஜெர்மன் சார்ஜென்ட், என்ன இவ்வளவு கனம் என்று கேட்டாராம். அந்தம்மாவுக்கு வெண்ணெய் என்றால் உயிர் என்றாராம் பாதிரியார். சார்ஜென்ட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, தோள் கொடுக்க நாலு சிப்பாய்களை அனுப்பினார். ஏழு வயது சொலான்ஜை அழச் சொன்னார்கள். அழுதாள்.

சண்டை முடிந்ததும் வைத்தியரை எடுத்திருக்கலாம். ஜெர்மன்காரன் திரும்பி வரமாட்டான் என்பது நிச்சயமாகட்டும் என்றார் மேயர். நிச்சயமாவதற்குள் அவரே போய்விட்டார். அதற்குள் சொலான்ஜ் வருஷந்தோறும் நவம்பர் முதல் தேதி கல்லைத் தேய்த்துக் கழுவி, சாமந்தித் தொட்டி வைக்க ஆரம்பித்திருந்தாள். புருஷன் விட்டுப்போன வருஷம் முழுக்க அத்தையிடம்தான் வந்து பேசிக்கொண்டிருந்தாள். ஊர்க்காரர்கள் கல்லறை வேலிக்கு அப்பால் மெதுவாக நடந்துபோனார்கள்.

சங்கிலி இழுத்ததில் முதலில் மேலே வந்தது மீசை.

சொலான்ஜ் குனிந்து அதைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா அண்ணே?"

"நானும் தூக்கினேன்ல."

"வேற யாருக்குத் தெரியும்?"

காஸ்தோன் யோசித்தார். "உனக்குத்தான் தெரியாது."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அவர் மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைப் பூட்ஸால் தட்டிவிட்டார். "நீ அவ்வளவு நல்லா பாத்துக்கிட்டே. எப்படிம்மா சொல்றது?"

மூன்று மணிக்கு ஃபிர்மன் மனைவியின் பக்கத்தில் இறங்கினார். நாலு பேரே போதுமாக இருந்தது. பிறகு எல்லோரும் மதுக்கடைக்குப் போனார்கள். சொலான்ஜ் பின்தங்கினாள்.

வைத்தியரைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அவள் கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவி, அவர் காதில் அடைத்திருந்த மண்ணைச் சுரண்டத் தொடங்கினாள்.