வெண்டல் காடிலின் மீதிப் பயிற்சி

தன் அடக்கம் முடிந்த மறுவாரம், திங்கட்கிழமை காலை, டாக்டர் வெண்டல் காடில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வேலைக்கு வந்தான். கெண்டக்கி நிலக்கரி மலைகளில் பெருந்தொற்று தலைவிரித்தாடிய குளிர்காலம் அது. ஆள் போதாமல் திணறிக்கொண்டிருந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவனுடைய அடையாள அட்டைக்குக் கதவு திறக்கவில்லை, நர்சுகள் திறந்துவிட்டார்கள்.

நுரையீரல் நோயிலும் தீவிர சிகிச்சையிலும் டாக்டர்களைப் பழக்கும் பொறுப்பு லோரீன் ஹாடிக்ஸுடையது. வெண்டலின் தொண்டையில் குழாய் இறக்கியவளும் அவள்தான், கடைசியில் அதை எடுத்தவளும் அவள்தான். எதற்குத் திரும்பி வந்தாய் என்று கேட்டாள். பயிற்சி முடியவில்லையே மேடம், என்றான். அவன் பிறந்த பள்ளத்தாக்கில் சுரங்கத் தூசியால் நெஞ்சு கெட்டவர்கள் ஒரு டாக்டரைப் பார்க்க அரைநாள் வண்டி ஓட்ட வேண்டும். படித்துவிட்டு அங்கேயே வருவதாக ஊருக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

மற்றவர்களோடு சேர்த்து அவனையும் பழக்கினாள். அவனுக்கு முகக்கவசம் தேவைப்படவில்லை. சொந்த மூச்சின் இரைச்சல் இல்லாததால் அடுத்தவர் நெஞ்சுச் சத்தம் அவனுக்குத் துல்லியமாகக் கேட்டது. அவன் மனைவி டார்லீன் ஒருநாள் வந்து வீட்டுக்குக் கூப்பிட்டாள். பயிற்சி முடியட்டும் என்றான். அவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

பனி உருகும் சமயத்தில் அவன் அப்பா எஸ்ராவைக் கொண்டுவந்தார்கள். முப்பது வருடம் சுரங்கத்தில் உழைத்தவர். நுரையீரல் கல்லாக இறுகிக் கிடந்தது. இயந்திரத்தில் வைப்பதா, வலியில்லாமல் விடுவதா என்று அவரிடமே கேட்டாக வேண்டும். மகனைக் கேட்கச் சொல்வது முறையல்ல, தானே பேசுவதாக லோரீன் சொன்னாள். அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டான்.

“அப்பா, குழாய் போட்டா கொஞ்ச நாள் தள்ளலாம். ஆனா அப்புறம் எடுக்க முடியாது. உங்களுக்கு என்ன வேணும்?”

எஸ்ரா வெகுநேரம் மூச்சைச் சேர்த்தார். “நீ... போட்டுக்கிட்டியே. வலிச்சுதா?”

“வலிச்சுதுப்பா.”

“அப்ப வேணாம்.” மறுபடி இழுத்தார். “அங்க எப்படிடா? அங்கயும் இப்படி வாங்குமா?”

“இல்லப்பா. அங்க மூச்சே வேணாம்.”

கிழவர் முகத்தின் இறுக்கம் தளர்ந்தது. “நல்லதாப் போச்சு,” என்றார்.

வலி தெரியாமலிருக்கும் மருந்தை வெண்டலே ஏற்றினான், கையைப் பிடித்துக்கொண்டான். மதியத்துக்குள் முடிந்தது. எஸ்ரா திரும்பி வரவில்லை. அவருக்குப் பாக்கி எதுவும் இல்லை. வெண்டலுக்கு அழத் தெரிந்தது, ஆனால் விம்ம மூச்சில்லாததால் சத்தம் வரவில்லை. லோரீன் அவன் தோளில் கைவைத்து, இனி உனக்கு நான் கற்றுத்தர ஒன்றுமில்லை என்றாள். பிறகு துணி அலமாரி அறைக்குள் போய், அவனுக்கும் சேர்த்துச் சத்தம் போட்டு அழுதாள்.

கோடையில் சான்றிதழில் கையெழுத்துப் போட்டாள். உயிரோடு இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. இப்போது பள்ளத்தாக்கில் அவனுக்கு ஒரு கிளினிக் இருக்கிறது. கை கொஞ்சம் ஜில்லென்று இருக்கும், மற்றபடி கெட்டிக்கார டாக்டர் என்கிறார்கள் சுரங்கக்காரர்கள். வாசலில் உட்கார்ந்து பெயர் பதிபவள் டார்லீன். ஞாயிறு அவன் கல்லறையில் பூ வைத்துவிட்டு வருகிறாள். திங்கள் காலை அவனுக்குக் கதவைத் திறந்துவிடுகிறாள்.