எட்டு மணி நேரம் நிற்க மூன்று கொட்டேஷன்

1.

இந்தக் கதை பிறந்தது என் கையெழுத்திலிருந்து. ஏதோ அலங்காரமாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நீல மை, நான்காவது வரி, "உறுப்பினர்" என்று அச்சடித்திருந்த இடத்துக்கு மேலே நான் போட்ட கையெழுத்தைத்தான் சொல்கிறேன். நேரடி நிகழ்த்துகலைக்கு, அதாவது மேடையும் திரையும் இல்லாமல் ஓர் ஆள் தன் உடம்பையே வைத்து நம் கண்முன் செய்யும் கலைக்கு, நிதி கொடுக்கும் குழு ஒன்று இருக்கிறது. எழுத்தாளர்கள் சார்பில் ஒருவர் வேண்டும் என்று அதில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். மாணவி ஒருத்தியின் விண்ணப்பம் எங்களிடம் வந்தது. நாங்கள் நிதி கொடுத்தோம். மறுத்திருந்தால்கூட இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது. கொடுத்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மேடை விளக்குகள் அணைந்தபோது அவள் கண்களில்"

அடித்துவிட்டேன். அவளுக்கு மேடையும் கிடையாது, விளக்கும் கிடையாது. இரண்டாவது தொடக்கம்: "கலை என்பது"

அதையும் அடித்துவிட்டேன். கலை என்பது என்று வாயைத் திறந்த எவரும் கலைஞருக்குக் கூலி கொடுத்து நான் பார்த்ததில்லை.

2.

கல்லூரியில் அவளை ஒட்டடைக்குச்சி என்பார்கள். அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. நாளடைவில் ஒட்டடை உதிர்ந்து குச்சி மட்டும் நின்றது. நானும் குச்சி என்றே எழுதுகிறேன், அவளிடம் கேட்டுக்கொண்டுதான். நிகழ்த்துகலை கடைசி வருடம்.

குச்சியின் அம்மா துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். குழந்தைகள் உடைப் பிரிவு, இருபத்திரண்டு வருடம். வாடிக்கையாளர் உட்கார அங்கே மெத்தை வைத்த ஸ்டூல் உண்டு. விற்கிறவள் உட்காரக் கூடாது. ஆள் இல்லாத மத்தியான வேளையிலும் கூடாது, ஏனென்றால் மேலே கேமரா இருக்கிறது. அம்மாவின் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கும். சின்ன வயதில் குச்சி அதை விரலால் தொட்டுத் தொட்டு விளையாடியிருக்கிறாள். இப்போது அவளால் அந்தக் காலைப் பார்க்க முடிவதில்லை.

அதிலிருந்துதான் அவள் படைப்பு வந்தது. பேருந்து நிலையத்தின் உள்கூடத்தில், காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை, ஒரு நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பாள். நாற்காலி காலியாக இருக்கும். போகிறவர் வருகிறவர் யாராவது ஒருவர் "உட்காருங்க" என்று சொன்னால் உட்காருவாள், நிகழ்ச்சி முடிந்தது. யாரும் சொல்லாவிட்டால் எட்டு மணி நேரமும் நிற்பாள். அறிவிப்புப் பலகை கிடையாது, இது கலை என்று யாருக்கும் தெரியாது.

இதை விளக்கியபோது அம்மா கண் கலங்கினாள் என்று

இல்லை. அம்மாவை அழவைக்கப் பார்த்தேன். குச்சி தொலைபேசியில் திருத்தினாள்: அம்மா சிரித்தாளாம்.

"இதுக்கா மூணு வருஷம் படிச்ச? எங்க கடைக்கு வந்தா தினமும் பாக்கலாமே, டிக்கெட்கூட வேண்டாம்." பிறகு துணி மடித்துக்கொண்டே, "யாராவது சொல்லுவாங்களா?" என்று கேட்டாளாம்.

"தெரியலம்மா. அதுக்குத்தான் நிக்கறேன்."

"சொல்ல மாட்டாங்க," என்றாள் அம்மா.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒளித்து வைத்தான் என்று என்னைத் திட்டக் கூடாது. கடையில் அதே பிரிவில் ஓர் இடம் காலி. மேலாளர் அம்மாவின் முகத்துக்காக மாதக் கடைசி வரை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். நிதி வந்தால் குச்சி கலைஞர். வராவிட்டால் அம்மாவுக்கு இரண்டடி தள்ளி நிற்க வேண்டியவள்.

3.

கல்லூரியில் ஒரு பயிலரங்கு நடந்தது: நேரடி நிகழ்த்துகலையில் வாழ்க்கைத் தொழிலும் நிதி பெறும் வழிகளும். பேச வந்தவர் ஓர் ஆலோசகர். கலைஞராக அவர் என்ன செய்திருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆலோசனை சொல்லியிருக்கிறார், அதுவே இருபது வருடமாம்.

முதல் ஐந்து வருடம் சம்பளத்தை எதிர்பார்க்காதீர்கள், அடையாளம் கிடைக்கும், அடையாளம்தான் முதலீடு என்று பேசினார். பிள்ளைகள் தலையை ஆட்டிக் குறிப்பெடுத்தார்கள். குச்சி மட்டும் கையைத் தூக்கினாள்.

"இன்னிக்குப் பேச வந்ததுக்கு உங்களுக்கு அடையாளம் மட்டும்தான் குடுத்தாங்களா சார்?"

வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்து, தண்ணீர் குடித்து, விண்ணப்பப் படிவத்துக்குத் தாவினார்.*

(* இவரை முழு வில்லனாக எழுதிவிட ஆசை. ஆனால் வீட்டில் இவருக்கும் வாடகை கட்ட வேண்டிய நாள் என்று ஒன்று இருக்கும். ஆசையை அடக்கிக்கொள்கிறேன். முழுக்க அடங்கவில்லை.)

படிவத்தின் நான்காம் பக்கத்தில் செலவுக் கட்டங்கள். கூடத்துக்கு ஒரு கட்டம். ஒலிக்கு, ஒளிக்கு, அச்சுக்கு, பயணத்துக்கு, சிற்றுண்டிக்கு, உபகரண வாடகைக்கு. குச்சி மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தாள். செய்கிற ஆளுக்குக் கட்டம் இல்லை. பக்கத்தில் கிடக்கப்போகிற நாற்காலிக்கு உண்டு, நிற்கப்போகிறவளுக்கு இல்லை. நான் எங்கே என்னை எழுதுவது என்று கேட்டாள்.

"அது உங்க பங்களிப்பும்மா. பங்களிப்புன்னு காட்டுங்க, குழுவுக்கு உங்க மேல நல்ல அபிப்பிராயம் வரும்."

எனக்கு வயிறு எரிகிறது. தேநீர் ஊற்றுகிறவருக்குக் கூலி, ஒலிபெருக்கியை மாட்டுகிறவருக்குக் கூலி, இவர்கள் எதைச் சுற்றி ஓடியாடுகிறார்களோ அதைச் செய்கிறவளுக்குப் பங்களிப்பா? இந்தப் படிவத்தை ஆறு வருடமாக மேசைமேல் புரட்டியிருக்கிறேன். நான்காம் பக்கத்தில் ஆளைக் காணோமே என்று ஒரு நாளாவது எனக்குத் தோன்றவில்லை.

4.

வீட்டுக்குப் போய்க் குச்சி படிவத்தை நிரப்பினாள். உபகரண வாடகைக் கட்டத்தில் எழுதினாள்: நாற்காலி, ஒன்று. நிற்கும் ஆள், ஒன்று, எட்டு மணி நேரம்.

ஒரு வாரம் கழித்து எங்கள் குழுவின் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. திட்டு விழும் என்று எதிர்பார்த்தாள். கிடைத்தது வேறு: உபகரணத்தை வாடகைக்கு எடுப்பதானால் மூன்று கொட்டேஷன் இணைக்க வேண்டும்.

இங்கே அவள் பின்வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. கோபம் தலைக்கேறிவிட்டால் ஒருவித உற்சாகமும் கூடவே வரும் இல்லையா, அந்த உற்சாகத்தோடு கிளம்பினாள்.

முதலில் துணிக்கடைகளுக்குப் பொம்மை வாடகைக்கு விடும் இடம். நிற்கும் பொம்மை வேண்டும் என்றாள். உடுப்போடவா, உடுப்பு இல்லாமலா என்று கேட்டார் கடைக்காரர். வண்டிக் கூலி, சுற்றிக்கட்டும் பஞ்சு, கை ஒடிந்தால் ஈடுகட்ட முன்பணம் எல்லாம் சேர்த்து எழுதிக் கொடுத்தார்.

அடுத்து, காவலாளிகளை அனுப்பும் நிறுவனம். ஒருநாள், எட்டு மணி நேரம், நின்றால் போதும் என்றாள். எதைக் காவல் காக்க வேண்டும் என்று மேசையில் இருந்தவர் கேட்கவே இல்லை.

"எங்க ஆளுங்க உட்காரவே மாட்டாங்க மேடம். அதுக்கு நாங்க கேரண்டி. உட்கார்ந்தா அன்னிக்குச் சம்பளத்துல பாதி போயிடும்."

மூன்றாவது கொட்டேஷனை அவளே எழுதினாள். தன் பெயர், தன் முகவரி, எட்டு மணி நேரம்.

மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தாள். பொம்மைதான் எல்லாரையும்விட விலை கூட. நடுவில் அவள். எல்லாருக்கும் கீழே காவலாளி. பொம்மைக்கு ஒடிந்தால் ஈடு உண்டு, மனிதர் இருவருக்கும் அப்படி ஒரு வரி இல்லை.

அவள் இதைக் குத்தலாகத்தான் செய்தாள். குழு பார்க்கும், நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும், படிவத்தை மாற்றும் என்று நினைத்தாள். அவள் செய்த தப்பு ஒன்றே ஒன்று. குத்தினால் எங்களுக்கு வலிக்கும் என்று நம்பிவிட்டாள்.

5.

நேர்காணல் அன்று நாங்கள் நான்கு பேர்: தலைவர், கணக்காளர், ஒரு பேராசிரியை, நான். நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். எதிர்ப்பக்கம் ஒரு நாற்காலி.

குச்சி வந்தாள். வணக்கம் சொன்னாள். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். நாங்கள் கேள்வி கேட்டோம், அவள் பதில் சொன்னாள். பயனாளிகள் எத்தனை பேர் என்றார் தலைவர். படைப்பின் பலனை எப்படி அளப்பீர்கள் என்றார் பேராசிரியை. நான் எழுத்தாளன் ஆயிற்றே, காத்திருப்பின் அழகியல் பற்றிப் பேசினேன். அதற்கு மட்டும் நாலு நிமிடம் எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் கணக்காளர் மூன்று தாள்களையும் விசிறிபோல் விரித்தார். "விதிப்படி குறைஞ்ச கொட்டேஷனைத்தான் ஏத்துக்க முடியும். காவலாளிதான் குறைச்சல்."

தலைவர் தலையசைத்தார். பேராசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் குச்சியைப் பார்த்தேன். அவள் வாய் லேசாகத் திறந்து மூடியது. இது அபத்தம் என்று எனக்கு அப்போதே தெரியும். சொன்னால் விவாதம் வரும், விவாதம் வந்தால் நேரமாகும், எனக்கு முதுகு வலித்தது. கையெழுத்துப் போட்டேன்.

(ஆமாம். உட்கார்ந்து உட்கார்ந்து.)

அவள் போன பிறகு, பாட்டில்களை எடுக்க வந்த அலுவலக உதவியாளரான பெண்மணி என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"நாற்காலி நல்லாத்தானே சார் இருக்கு. அந்தப் பொண்ணு ஏன் அவ்வளவு நேரமும் நின்னுக்கிட்டே இருந்துச்சு?"

நாற்பது நிமிடம். படைப்பைப் பற்றி நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். அவள் அதை நடத்திக்கொண்டிருந்தாள்.

6.

கடிதம் போனது. இது நான் புனைந்தது இல்லை, கடிதத்தில் இப்படித்தான் இருக்கிறது: "நிகழ்வில் நிற்கும் பணிக்குக் குறைந்த விலைப்புள்ளி அளித்துள்ள நிறுவனத்தின் ஊழியரை அமர்த்திக்கொள்ளும்பொருட்டு நிதி அனுமதிக்கப்படுகிறது. விண்ணப்பதாரர் கருத்தாக்கப் பங்களிப்பாளராகச் செயல்படுவார்." நிற்பதற்கு ஆளை அமர்த்திக்கொள்ள. இதைத் தட்டச்சு செய்த கைக்கும் உறுத்தவில்லை, திருத்தம் பார்த்த எனக்கும் உறுத்தவில்லை.

கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாகத் தலைவருக்கு எழுதினேன். தங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது என்று பதில் வந்தது. குழுவிலிருந்து விலகிவிட்டேன் என்று இந்த இடத்தில் எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். விலகவில்லை.

குச்சியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். வீட்டைப் பற்றியும் பயிலரங்கைப் பற்றியும் அவள் சொன்னதெல்லாம் அன்றைக்குத்தான். பொறுமையாகச் சொன்னாள். மன்னிப்பு என்று நான் ஆரம்பித்தபோதுதான் குரல் மாறியது.

"நாலு பேர் இருந்தீங்க சார். ஒருத்தர் சொல்லியிருந்தாப் போதும். பணம்கூட அப்புறம்தான்."

மேசைமேல் கிடந்த கடித நகலைக் கவிழ்த்து வைத்தேன்.

"அம்மா கேட்டாங்க, யாராவது சொன்னாங்களான்னு. சொன்னாங்கன்னு பொய் சொல்லிட்டேன்."

7.

முடிவுகள். மூன்று எழுதினேன்.

முதலாவதில் குச்சி கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டுத் துணிக்கடையில் சேருகிறாள். அம்மாவுக்கு இரண்டடி தள்ளி. இதைக் கிழித்தேன். குழுவுக்கு மிகவும் பிடித்த முடிவு இதுவாகத்தான் இருக்கும், எங்களில் யாருக்கும் எந்த வேலையும் வைக்காது.

இரண்டாவதில் காவலாளி வந்து நிற்கிறார். ஐம்பத்தைந்து வயது, ஒரு முட்டியில் வீக்கம். குச்சி தூணுக்குப் பின்னால் இருந்து குறிப்பெடுக்கிறாள். மதியம் மூன்று மணிக்கு அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு

இதற்கு மேல் எழுத எனக்கு வாய்க்கவில்லை. அவர் காலும் கால்தான். அதை வைத்து நான் கதை பண்ண முடியாது.

மூன்றாவதில் குச்சி அந்தக் காவல் நிறுவனத்திலேயே வேலைக்குச் சேருகிறாள். தொளதொள சீருடை, தொப்பி. நிறுவனம் அவளையே அனுப்புகிறது, அவளுடைய படைப்பில் அவளே நிற்க, குறைந்த கூலிக்கு. எழுதிவிட்டு நானே சிரித்தேன். பெருமையாக அவளுக்குப் படித்தும் காட்டினேன்.

"நல்லா இருக்கு சார்," என்றாள். "ஆனா அந்தச் சீருடையில உட்கார முடியாதே. யாராவது சொன்னாக்கூட."

என் சாமர்த்தியம் அதோடு செத்தது.

8.

தேதி குறித்தாகிவிட்டது. மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு. பேருந்து நிலையத்தின் உள்கூடம், சீட்டுக் கொடுக்கும் ஜன்னல்களுக்கு எதிரே, கடிகாரத்துக்குக் கீழே. யாரோ ஒருவர் நின்றுகொண்டிருப்பார். அது குச்சியா, முட்டி வீங்கிய காவலாளியா, சீருடை போட்ட குச்சியா என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் ஒருவரை அனுப்பி "உட்காருங்க" என்று சொல்லவைக்க வேண்டியிருக்கும். என் பேனாவுக்குப் பயந்து ஒரு பாத்திரம் சொல்லுகிற சொல்லால் அவளுக்கு என்ன பிரயோசனம்? அவளுடைய அம்மா அதை நம்பவும் மாட்டாள்.

நீங்கள் அந்த வழியாகத்தான் போகிறீர்கள். பை கனக்கும், பேருந்து கிளம்பப்போகும், உங்களுக்கும் ஆயிரம் வேலை. நிற்கிறவர் உங்களை எதுவும் கேட்கப்போவதில்லை. பக்கத்தில் நாற்காலி இருக்கும். சொன்னால் அவரால் உட்கார முடியுமா முடியாதா என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

உங்களிடம் கேட்பது ஒரே ஒரு சொல். நாற்பது நிமிடம் எதிரே உட்கார்ந்திருந்தும் அது என் வாயில் வரவில்லை.