அம்மா போட்ட சார்ஜ்

காலையில் எழுந்தேன். பால் காய்ச்சினேன். சீருடைக்கு இஸ்திரி போட்டேன். மகளை எழுப்பினேன். எழவில்லை. மறுபடி எழுப்பினேன். பல், குளியல், சாக்ஸ். பிறகு முக்காலியில் உட்கார வைத்துப் பின்னல் போட்டேன். வலது பின்னல் எனக்குச் சரியாக வரும். இடது வராது. அவள் அம்மா இறந்த பிறகு கற்றுக்கொண்டது. இவ்வளவுதான் வரும்.

சாப்பாட்டு மேசையில் இடமில்லை. அங்கே டிரக் மல்லாந்து கிடந்தது. ரிமோட்டில் மேடு பள்ளம் ஏறி ஓடும் பொம்மை டிரக். என் மனைவி பழசாக வாங்கியது. அவளும் மகளும் காலி மனையில் ஓட்டுவார்கள். அவள் போனதிலிருந்து அட்டைப்பெட்டியில் கிடந்ததைப் போன வாரம்தான் பிரித்தோம். மகள் டூத்பிரஷால் டயர் பள்ளங்களில் காய்ந்த மண்ணைச் சுரண்டினாள். நான் துருப்பிடித்த பேரிங்குகளைக் கழற்றினேன். நேற்று அடிப்பக்க மூடியைத் திறந்தால், பேட்டரி தலையணை மாதிரி உப்பியிருந்தது.

ரிமோட் வண்டி விற்கும் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"குத்திடாதீங்க, அழுத்திடாதீங்க. வீட்டுக்குள்ள வேண்டவே வேண்டாம். மணல்ல புதைச்சு வச்சு, அப்படியே கொண்டு வாங்க. இனிப்பா ஒரு வாசனை வந்தா கசியுதுன்னு அர்த்தம். எப்ப வேணா பத்திக்கும்" என்றார்.

மீட்டர் வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் சார்ஜ் மிச்சம் இருந்தது.

"அது யாரு போட்ட சார்ஜ்?" என்றாள் மகள்.

"அம்மாதான். வேற யாரு?"

யோசிக்காமல் சொன்னேன். இரும்பு வாளியில் மணல் நிரப்பி, பேட்டரியைப் புதைத்து, கொல்லைச் சுவரோரம் வைத்தேன்.

இன்று இடது பின்னலில் இருக்கும்போது அந்த வாசனை வந்தது. நகப்பூச்சு மாதிரி. அழுகத் தொடங்கிய பழம் மாதிரி. சீப்பை வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனேன். வாளி மணலில் குழி இருந்தது.

திரும்பி வந்தால், அவள் பள்ளிப் பையை மார்போடு கட்டிக்கொண்டு கதவோரம் நிற்கிறாள்.

"வாலு, பைய கீழ வை."

"வேன் வந்துடும்."

"வரட்டும். மெதுவா வை."

"நீ தூக்கிப் போட்டுடுவ."

"அது பத்திக்கும்டி."

"ராத்திரி பூரா தலகாணிக்கு அடியிலதான் இருந்துச்சு. பத்திக்கலையே."

ஒரே எட்டில் பிடுங்கிவிடலாம். பிடுங்கினால் இறுக்குவாள். பைக்குள் ஜாமெட்ரி பெட்டி இருக்கிறது. மூடி சரியாக மூடாத பெட்டி. அதில் காம்பஸ் இருக்கிறது. அதன் முனையை நான்தான் தீட்டிக் கொடுத்திருந்தேன்.

"புதுசு வாங்கித் தரேன்."

"அதுல கடைக்காரர் போட்ட சார்ஜ்தான் இருக்கும்."

வாசனை கூடிக்கொண்டே வந்தது.

"சரி. உனக்கு என்னதான் வேணும், சொல்லு."

யோசித்தாள். "அம்மா கடைசியா என்ன சொன்னா?"

"பாப்பாவப் பாத்துக்கோன்னு சொன்னா."

"அது அத்தை சொல்றது. அம்மா என்னைக்கு என்னைப் பாப்பான்னு கூப்பிட்டிருக்கா? பெரியப்பாவக் கேட்டா சாமி பேரச் சொன்னாங்கறாரு. அம்மா சாமியே கும்பிட மாட்டா. எல்லாரும் ஆளுக்கொரு புருடா விடுறீங்க."

பை இன்னும் இறுகியது. உள்ளே ஏதோ நறுக்கென்றது. ஸ்கேலாக இருக்கலாம்.

"சொல்றேன். நெஜத்தச் சொல்றேன். முதல்ல பைய வை."

"டிரக் மேல சத்தியமா?"

"சத்தியமா."

என் முகத்தையே பார்த்தாள். பிறகு குந்தி உட்கார்ந்து பையைத் தரையில் வைத்தாள்.

ஜிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். ஒரு சாக்ஸுக்குள் இருந்தது. சுட்டது. குப்பை முறத்தில் வைத்துக் கொல்லைக்குக் கொண்டுபோனேன். மூச்சு விடவில்லை. வாளிக்குள் சரித்தேன். மேலே மணலைத் தள்ளுவதற்குள் உஸ்ஸென்று சீறியது. வெள்ளைப் புகை. பின்னாலேயே வந்திருந்த அவளை இழுத்துக்கொண்டு கொல்லைக் கதவுக்குப் பின்னால் போவதற்குள் தீ சுவர் உயரத்துக்கு எழுந்தது.

வாசலில் வேன் வந்து, ஹாரன் அடித்துவிட்டுப் போனது. இருவரும் அசையவில்லை. என் சட்டை நுனி அவள் கைக்குள் இருந்தது. இந்தத் தீ தலையணைக்கு அடியில் எழுந்திருந்தால் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. தீ அடங்கியது.

"அவ்ளோ இருந்துச்சா அதுல?" என்றாள். பிறகு, "இப்ப சொல்லு."

இப்போது பொய் சொல்லலாம். பையில் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தீயைக் கண்டு பயந்ததைவிட இதற்கு அதிகமாகப் பயந்தேன். அம்மா சொன்னதில் இவள் பெயர் இல்லை. இவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைக் கேட்ட பிறகு இந்தச் சட்டை நுனியைப் பிடித்திருப்பாளா என்று தெரியவில்லை.

"ஆஸ்பத்திரில நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். வாட்ச்மேன் மேல வந்து வண்டி நம்பரச் சொல்லிக் கேட்டாரு. நம்ம கார்தான். ஏதோ வண்டிக்குக் குறுக்க நின்னுச்சாம். நான் போகலன்னேன்."

"அப்புறம்?"

"போகச் சொன்னா. போயிட்டு வர்றதுக்குள்ள அம்மா போயிட்டா."

"என்ன சொல்லிப் போகச் சொன்னா? அம்மா சொன்ன மாதிரியே சொல்லு."

சொன்னேன்.

"'உன்னோட இதே ரோதனையாப் போச்சு. போய் வண்டிய எடுத்து விடு. பாவம், அவங்களுக்கு என்ன அவசரமோ.'"