ஆளுக்கொரு அச்சு

பெரிய டயர் போட்டதில் எல்லாருக்கும் சந்தோஷம், வண்டியைத் தவிர.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் பொங்கலுக்குச் சற்று முன்னால், ரஞ்சனியின் புருஷன் ரகுபதியும் அவள் தம்பி திருமலையும் சேர்ந்து அந்த ஜீப் பிக்கப்பை ஏலத்தில் எடுத்தார்கள். சாதாரணமாக அதில் பின் சக்கரம் மட்டும்தான் இழுக்கும். காலடியில் இருக்கும் சின்ன லிவரைத் தள்ளினால் முன் சக்கரமும் சேர்ந்துகொள்ளும். விடியற்காலையில் திருமலை பென்னலூர்க் கத்தரிக்காயை ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் கொத்தவால் சாவடிக்குப் போவான். அவன் திரும்பி வந்ததும் ரகுபதி செம்பரம்பாக்கம் ஏரியோரத்துச் சூளையில் செங்கல் ஏற்றி, சுங்குவார்சத்திரத்தில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு கம்பெனியின் காம்பவுண்டுச் சுவருக்குக் கொண்டுபோய்க் கொட்டுவான். ஒரே வண்டியில் இரண்டு பிழைப்பு நடந்தது.

சூளைக்குப் போகும் பாதையில் மழைக்காலச் சேறு தை பிறந்தும் காயவில்லை. வண்டியின் வயிறு தரையில் உட்கார்ந்துவிடும், பிறகு மாடு கட்டித்தான் இழுக்க வேண்டும். திருமலை எங்கிருந்தோ பெரிய டயர்களைப் பிடித்து வந்தான். மாட்டியதும் வண்டி ஒரு சாண் உயர்ந்து நின்றது. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மறுநாள் செங்கல் லோடோடு ஏரிக்கரை ஏற்றத்தில் அந்த உயரமான வண்டி முதல் கியரில் முக்கி, பாதி வழியில் நின்றுவிட்டது. ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க.

சுங்குவார்சத்திரத்து மெக்கானிக் இராமச்சந்திரனிடம் போனபோது ரஞ்சனியும் கூடப் போனாள். அவளுக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் இந்த இரண்டு பேரைப் பற்றித் தெரியும். மெக்கானிக் ஒன்று சொன்னால் வீடு வந்து சேர்வதற்குள் அது இரண்டாகியிருக்கும்.

"சைக்கிள் கணக்குதான்க்கா," என்றான் இராமச்சந்திரன். "பின்னாடி பல்சக்கரம் சின்னதா கீதுன்னு வையி, வேகம் போவும், ஏத்தத்துல இறங்கித் தள்ளணும். பெருசா கீதா, ஏத்தம் ஏறும், ஆனா ரோட்டுல காலு ஓயாம மிதிச்சிக்கினே போவணும். இந்த வண்டில அச்சுக்கு நடுவால குண்டா ஒண்ணு தொங்குது பாரு, அதுக்குள்ள கீற கிரவுன் பினியன் பல்லு அந்த வேலதான் செய்யுது. இப்ப கீறது நாலே கால். இன்ஜின்லருந்து அச்சுக்கு வர்ற ஷாஃப்ட் நாலே கால் சுத்து சுத்துனா சக்கரம் ஒரு சுத்து. சின்ன டயருக்கு அது சரி. டயர் பெருசாயிட்டா அதே ஒரு சுத்துல வண்டி ஜாஸ்தி தூரம் போவுது. அந்தப் பாரம் இன்ஜின் தலைல உழுது."

"இப்ப இன்னா பண்ணணும்?" என்றான் ரகுபதி.

"அஞ்சே கால் போட்டா மலையே ஏறும். ஆனா ரோட்டுல கத்திக்கினு கெடக்கும், வேகம் வராது. அஞ்சுக்குக் கொஞ்சம் கம்மியா ஒண்ணு கீது. பழைய டயர்ல எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே ஆயிடும். என்னக் கேட்டா அதான். முன் அச்சு, பின் அச்சு, ரெண்டுலயும் அதே."

"அஞ்சே கால் போடு," என்றான் ரகுபதி.

"ஒண்ணும் மாத்த வாணாம் மாமா," என்றான் திருமலை. "டயர் பெருசானதுக்கு அப்பறம்தான் ரோட்டுல வண்டி பஞ்சு கணக்கா போவுது. சாவடில முந்தி போறவன் காய்தான் விக்குது."

"பஞ்சாட்டம் போயி நீ கத்திரிக்கா விக்கிறே. நான் கரை மேல நின்னுக்கினு செங்கல்ல எண்ணிக்கினு இருக்கட்டுமா?"

நடுவில் இருந்ததை இருவருமே ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதை எடுத்தால் தான் விட்டுக்கொடுத்தது தெரியும், மற்றவன் விட்டுக்கொடுத்தது தெரியாது. ஆண்பிள்ளைகள் கணக்கே அப்படித்தான் போகும்.

குரல்கள் ஏறின. ரஞ்சனியின் கவலை வேறு. வண்டி எக்கேடு கெட்டால் என்ன? மாசியில் மகள் பிரவீனாவுக்குக் காதுகுத்து வைத்திருந்தது. குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொள்ள வேண்டும். ரஞ்சனிக்கு இருப்பது ஒரே தம்பி. அவனும் புருஷனும் முகம் முறித்துக்கொண்டால் அந்த மடி இல்லை. மடி இல்லாத காதுகுத்தை ஊர் பத்து வருஷம் பேசும், அவள் சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பாள்.

அப்போது அவளுக்குக் கிணறு ஞாபகம் வந்தது. அவள் அப்பாவுக்கும் பெரியப்பா பரசுராமனுக்கும் பொதுவான கிணறு அது. ஒரு நாள் இவர் முறை, மறுநாள் அவர் முறை. முறை முடிந்தவன் தன் மடையைத் தானே அடைத்துவிட்டுத்தான் கரையேற வேண்டும். அடுத்தவன் மடையில் கைவைக்கக் கூடாது, நல்லதுக்குக்கூட. அந்த ஒரு சட்டத்தால் அண்ணன் தம்பி கடைசிவரை அடித்துக்கொள்ளவில்லை.

"ஏம்பா, அச்சு ரெண்டு கீது இல்ல," என்றாள் இராமச்சந்திரனிடம். "ஆளுக்கு ஒண்ணு வச்சிக்கினா இன்னா? வழில பின் அச்சு உடைஞ்சா ஷாஃப்ட்டக் கழட்டிட்டு முன் சக்கரத்துலயே வண்டி வூடு வந்து சேரும்னு வண்டி வாங்கனப்ப நீதான சொன்னே?"

இராமச்சந்திரன் தலையைச் சொறிந்தான். "வரும்க்கா. அவசரத்துக்கு வரும்."

"அப்ப பின் அச்சுல இவருக்கு அஞ்சே கால் போடு. முன் அச்சு இப்ப கீறாப்பலயே தம்பிக்கு இருக்கட்டும். தம்பி போசொல்ல பின் ஷாஃப்ட்ட கழட்டிட்டு, லிவரத் தள்ளி முன்னால இஸ்துக்கினு போவட்டும். வந்ததும் லிவர வெலக்கிடணும். அப்பறம் இவரு ஷாஃப்ட்ட மாட்டிக்கினு சூளைக்குப் போவட்டும்."

"நடக்கும். ஆனா ரெண்டும் சேர்ந்து எப்பவும் ஓடக் கூடாதுக்கா. ஒரு அச்சு வான்னும், ஒண்ணு இருன்னும். அச்சு நடுவுல கீற பல்லு சிதறிடும்."

"சேராது," என்றாள் ரஞ்சனி. "நான் பொறுப்பு."

இருவரும் ஒப்புக்கொண்டார்கள். தன் பங்கு முழுசாகக் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? ரஞ்சனி அன்று வீட்டுக்குப் போய்த் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு நிம்மதியாகப் படுத்தாள்.

விசித்திரம் என்னவென்றால் அது ஓடியது. காலையில் திருமலை சாவடியிலிருந்து வந்து லிவரை விலக்கிவிட்டு, சாவியை ஆணியில் மாட்டுவான். ரகுபதி கோணியை விரித்து அடியில் படுத்து, ஷாஃப்ட்டை மாட்டி போல்ட்டுகளை முறுக்குவான். சாயங்காலம் ரகுபதி கழற்றுவான், விடியலில் திருமலை லிவரைத் தள்ளுவான். ஒருவன் வேலையில் ஒருவன் கைவைப்பதில்லை. டீக்கடையில் சிரித்தார்கள். காலையில் ஆட்டுக்குட்டி, மத்தியானத்தில் எருமை என்று வண்டிக்குப் பேர் வைத்தார்கள். ரஞ்சனி அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காதுகுத்துக்கு முந்தின வாரம் ரகுபதிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. தினமும் வண்டிக்கடியில் படுத்து எழுந்ததன் பலன். அன்று திருமலை சாவடியிலிருந்து வந்தபோது மிகவும் சந்தோஷமாக இருந்தான். காய் நல்ல விலைக்குப் போயிருந்தது. குழந்தைக்குப் பட்டுப்பாவாடை எடுத்துக்கொண்டு வந்திருந்தான். திண்டாடிக்கொண்டு எழுந்த மாமனைப் பார்த்துவிட்டு, "நீ இரு மாமா," என்று சொல்லித் தானே கோணியை விரித்து, அடியில் புகுந்து ஷாஃப்ட்டை மாட்டிக் கொடுத்தான். அதுவரை அவன் செய்யாத உபகாரம் அது. அதில் கவனம் முழுக்கப் போனதில் தன் வேலையை மறந்தான். லிவர் தள்ளியது தள்ளியபடியே இருந்தது.

ரகுபதியும் பார்க்கவில்லை. லிவர் மச்சான் மடை, அதில் அவன் கைவைப்பதே இல்லை. வாசலில் நின்று, தம்பி வெளியே வந்து கையைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்த ரஞ்சனிக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அவளுக்கும் தோன்றவில்லை.

ஊருக்குள் வண்டி கனமாகத்தான் போனது. இடுப்பு வலியில் ரகுபதி அதைக் கண்டுகொள்ளவில்லை. ஏரிப் பக்கத்துச் சேற்றில் சக்கரம் வழுக்கி வழுக்கி விட்டுக்கொடுத்தது. லோடு ஏற்றி, கரை ஏறி, தார் ரோட்டில் கால் வைத்தான். தாரில் வழுக்க முடியாது. முன் சக்கரம் வா என்றது, பின் சக்கரம் இரு என்றது. முன்னே போனால் முட்டுகிறது, பின்னே வந்தால் உதைக்கிறது என்ற கதையாக வண்டி துள்ளியது. லோடுதான் அழுத்துகிறது என்று அவன் இன்னும் மிதித்தான். அடியில் வெடி போட்டதுபோல ஒரு சத்தம் கேட்டது. அச்சுப் பல்லும் எண்ணெயும் ரோட்டில் கொட்டின.

நடந்தே வீட்டுக்கு வந்தான். தலையெல்லாம் செங்கல் தூசு.

"யார்ரா உன்ன என் ஷாஃப்ட்டத் தொடச் சொன்னது?" என்று திருமலையைக் கேட்டான்.

"முடியலயேன்னு பண்ணேன் மாமா. லிவரு எங்க கீதுன்னு பாக்காம ஓட்டுனது யாரு?"

"வேணும்னே உட்டே. உனக்கு என் அச்சு மேல கண்ணு."

அந்தச் சொல்லுக்குப் பிறகு திருமலை நிற்கவில்லை. பட்டுப்பாவாடையை வெடுக்கென்று கொடியில் போட்டுவிட்டுப் போய்விட்டான். ரகுபதி சீரும் வேண்டாம், மடியும் வேண்டாம் என்று கத்தினான். ரஞ்சனி அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதாள். சேராது, நான் பொறுப்பு என்று தான் சொன்னது நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. இருவரையும் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும் என்று அவள் செய்த ஏற்பாடுதான் இருவரையும் பிரித்தது.

பத்திரிகை ஊரெல்லாம் போயாகிவிட்டது. பெரியப்பா பரசுராமன் சமாதானம் பேச வந்தார். பங்கு பிரிப்பதில் கைதேர்ந்த மனிதர்.

"இதுல இன்னாம்மா கீது," என்றார். "காது ரெண்டு. இடது காத தாய்மாமன் மடில வச்சிக் குத்து. வலது காத மாப்பிள்ளையோட அண்ணன் மடில வச்சிக் குத்து. ரெண்டு வூட்டு மானமும் நிக்கும்."

ரகுபதி யோசித்தான். பெரியப்பாவோடு வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்ட திருமலையும் மறுத்துச் சொல்லவில்லை. மறுபடி ஆளுக்கு ஒன்று. இருவருக்கும் அது பிடித்துப்போவதை ரஞ்சனி கண்ணால் பார்த்தாள். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"வாணாம் பெரியப்பா," என்றாள். "ஒருவாட்டி பங்கு போட்டேன். அது ரோட்டுல கொட்டிக் கெடக்குது. எம்பொண்ண பங்கு போட மாட்டேன்."

பிறகு இருவரையும் பார்த்துப் பேசினாள். அவள் குரல் உயரவில்லை. "மெக்கானிக்கு மொதல்ல சொன்ன அந்த நடுப் பல்லு, ரெண்டு அச்சுக்கும் அதே பல்லு. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா புதுப்பேட்டைக்குப் போயி எடுத்துக்கினு வாங்க. தனியாப் போனா வூட்டுக்குள்ள உட மாட்டேன். அது வர்ற வரைக்கும் காதுகுத்து கெடையாது. ஊரு வந்து நின்னாலும் கெடையாது. கேட்டா, ஏன்னு நானே சொல்லிக்கிறேன்."

அவள் சொல்லக்கூடியவள்தான் என்று இருவருக்கும் தெரியும்.

வண்டி இல்லாததால் பஸ்ஸில் போனார்கள். போகும்போது ரகுபதி முன்சீட்டில் உட்கார்ந்தான், திருமலை கடைசியில் நின்றான். புதுப்பேட்டைப் பழைய இரும்புக் கடைகளில் ஒருவன் பல்லை எண்ண, இன்னொருவன் நம்பாமல் மறுபடி எண்ணினான். அதைத் தவிர வேறு பேச்சு இல்லை. திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். இரும்பு மூட்டையைக் கீழே வைக்கக் கண்டக்டர் விடவில்லை. இருவர் சீட் ஒன்று கிடைத்தது. அதில் நெருக்கி உட்கார்ந்து, பாதி இவன் மடியிலும் பாதி அவன் மடியிலுமாக வைத்துக்கொண்டு பென்னலூர்வரை வந்தார்கள். பூந்தமல்லி தாண்டியதும் ரகுபதி, "இடுப்பு வலிக்குது," என்றானாம். திருமலை மூட்டையைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டானாம். இதைத் திருமலைதான் பிற்பாடு ரஞ்சனியிடம் சொன்னான். ரகுபதி இன்றுவரை சொன்னதில்லை.

இராமச்சந்திரன் இரண்டு அச்சிலும் அந்த நடுப் பல்லை மாட்ட, வண்டி மறுபடி ஓடியது. குறித்த நாளில் காதுகுத்து நடந்தது. பட்டுப்பாவாடையில் பிரவீனா திருமலையின் மடியில் உட்கார்ந்தாள். அவன் நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு போகாமல் இருந்தது. பத்தர் ஊசியை எடுத்ததும் குழந்தை அலறித் திமிறியது. திருமலைக்குப் பிடிக்கத் தெரியவில்லை. ரகுபதி போய் மண்டியிட்டு, இரண்டு கையாலும் மகளின் தலையை மச்சான் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். இரண்டு காதும் ஒரே மடியில் குத்தி முடிந்தன.

பந்தியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"வேகமே வரல மாமா," என்றான் திருமலை. "சாவடிக்குப் போறதுக்குள்ள விடிஞ்சிடுது."

"எனக்கு மட்டும் இன்னா? கரை ஏறசொல்ல முக்குது," என்றான் ரகுபதி. "அந்த மெக்கானிக்குக்கு ஒரு எழவும் தெரியல."

"அதான் மாமா நானும் சொல்றேன்."

ரஞ்சனி பாயசத் தூக்கோடு வந்து இருவர் இலையிலும் ஊற்றினாள். கரண்டி நிறைய மொண்டு, போதும் போதும் என்று அவர்கள் கை மறித்தும் கேட்காமல், இன்னொரு தடவையும் ஊற்றினாள்.