பதினோரு வரிக்கு ஒரு கேள்வி

பதினோரு வரிதான். கணினி நிரலில் இதைவிடச் சின்னதாக ஒரு ஃபங்ஷன் எழுதவே முடியாது என்று அவளுக்குத் திடமான நம்பிக்கை. ஒரு கம்பெனி தன் மாடல்-7 மடிக்கணினியில் திரையைத் தலைகீழாகப் பொருத்தித் தொலைத்திருந்தது. கணினி எழும்போதே மாடல் பெயரைப் பார்த்து, 7 என்றால் 'திருப்பு' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

ஆனால் அது சேரப்போவது உலகமே பயன்படுத்தும் கெர்னலில், அதாவது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளில். அவளுக்கு அதில் முதல் வரிகள். மாலை ஆறுக்குள் ஒப்புதல் வந்தால் இந்தப் பதிப்பிலேயே ஏறிவிடும். தவறினால் இரண்டரை மாதம் காத்திருக்க வேண்டும். ஒப்புதல் தர வேண்டியவரோ, எல்லோரும் முதுகுக்குப் பின்னால் 'கொக்கி' என்று கூப்பிடும் மனிதர். மதியம் அவரிடமிருந்து வந்தது: "பெயரை முழுசாப் பார்க்குதா, முன் எழுத்துகளை மட்டுமா? வேற மாடல்ல ஓட்டிப் பார்த்தீங்களா?"

மூக்குக்கு மேல் கோபம் வந்தது அவளுக்கு. சுடச்சுட நாலு வரி பதில் எழுதினாள். கையோடு ஆதாரத்தையும் சேர்த்து அவர் வாயை அடைத்துவிடலாம் என்று, அடுத்த அறையிலிருந்த நாத்தனாரின் மடிக்கணினியை இரவல் கேட்டாள். அது அதே கம்பெனியின் மாடல்-70. திரை ஒழுங்காக இருப்பது.

"எடுத்துக்குங்க அண்ணி. ஏதாவது ஆச்சுன்னா அண்ணன்கிட்ட புதுசு வாங்கிக்குவேன்."

தன் வரிகள் சேர்ந்த புதுக் கெர்னலோடு அதை எழுப்பினாள். நாத்தனார் எட்டிப் பார்த்துக் கழுத்தைச் சாய்த்தாள். இன்னும் சாய்த்தாள்.

"இனிமே நான் தலைகீழா நின்னு வேலை பார்க்கணுமா அண்ணி?"

அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஏழு வரைக்கும் ஒத்துப்போனதும், பின்னால் நின்ற பூஜ்யத்தை அந்த ஃபங்ஷன் சட்டையே செய்யவில்லை. எழுதி வைத்திருந்த பதிலை முதல் வேலையாக அழித்தாள். பிறகு ஒரு வரியைத் திருத்தி, தன் மாடல்-7, நாத்தனாரின் 70 இரண்டிலும் ஓட்டிப் பார்த்து, தப்பை ஒளிக்காமல் எழுதி, சோதித்தவர் என்று நாத்தனார் பெயரையும் போட்டு ஐந்தரைக்கு அனுப்பினாள். அப்புறம் நிமிடத்துக்கு நாலு தடவை கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஆறுக்கு எட்டு நிமிடம் இருக்கையில் பதில் வந்தது: "சேர்த்தாச்சு. சோதிச்சவங்களுக்கு நன்றி."

அவள் போட்ட கூச்சலில் நாத்தனார் ஓடி வந்து அதைப் படித்தாள்.

"எழுதினவங்களுக்கு நன்றியையே காணோமே அண்ணி!"

"எனக்கு எதுக்குடி? அவர் மட்டும் கேட்கலேன்னா ஊர் உலகமெல்லாம் என்னைத் திட்டித் தீர்த்திருக்கும். நன்றி சொல்ல வேண்டியது நான்தான்."

சொன்னதோடு நிற்காமல், அதை அப்படியே அவருக்கும் எழுதி அனுப்பினாள்.